மனம்விட்டுப் பேச ஓர் இடம்

டைல்ஸ்காரரிடம் போய் உங்களுக்குக் காது கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார். ஒரு விதத்தில் அந்தக் கோபம் நியாயமானதுதான். அவர் காதில் ஒரு குறையும் கிடையாது. வீட்டில் படுத்திருக்கும்போது சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தால் போதும், படுக்கையறையிலிருந்து "யாரது?" என்று அதட்டல் வரும். அவருக்குக் கேட்காததெல்லாம் அவருடைய சொந்தக் கடையில்தான். அங்கே அவருக்கென்ன, காதுள்ள எந்தப் பிறவிக்கும் எதுவும் கேட்காது. மற்றவர்கள் அதை ஒப்புக்கொண்டார்கள், அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. வந்த வினையெல்லாம் அதனால் வந்ததுதான்.

மனிதர் அந்தக் காலத்தில் டைல்ஸ் விற்றவர். வியாபாரம் படுத்ததும் அதே கட்டடத்தில் உணவகம் திறந்தார். தேங்கிக் கிடந்த சரக்கை என்ன செய்வது? ஒட்டினார். தரையில் ஒட்டினார், சுவரில் ஒட்டினார், தூணில் ஒட்டினார், அப்புறமும் மிச்சமிருக்கவே கூரையிலும் ஒட்டினார். ஒருமுறை கூரையிலிருந்து ஒன்று கழன்று, கல்யாண நாள் கொண்டாட வந்த தம்பதியின் சூப்பில் விழுந்தது. அவர்கள் அலறினார்கள், பக்கத்து மேசைக்காரர்கள் ஏதோ பிறந்தநாள் பாட்டு என்று நினைத்துக் கைதட்டினார்கள். நாற்காலிகள் இரும்பு. மேசைக்குத் துணி கிடையாது, சன்னலுக்குத் திரை கிடையாது, சமையலறைக்குச் சுவர் கிடையாது. சட்டி உருளுவதை வாடிக்கையாளர் கண்ணால் பார்க்க வேண்டுமாம். காதால் கேட்பது போதாது போலிருக்கிறது.

கடை திறக்கும்போது ஆலோசகர் ஒருவரைப் பிடித்திருந்தார். காலுறை போடாமல் ஷூ மட்டும் போட்டுக்கொண்டு வந்த ஆசாமி. "சத்தம் இருக்கற எடத்துக்குத்தான் சார் கூட்டம் வரும். சத்தத்துல ஆளுங்க வேகமா மெல்லுவாங்க. வேகமா மென்னா வேகமா எழுந்திருப்பாங்க. நாற்காலி காலியாகும்" என்று அந்த ஆள் சொன்னது டைல்ஸ்காரருக்கு வேதவாக்கு ஆகிவிட்டது. சாப்பிட வருகிறவனை எப்படி விரட்டுவது என்பதற்குக் காசு வாங்கிக்கொண்டு யோசனை சொன்ன அந்த மேதைக்குச் சிலை வைக்கலாம். ஆறு ஸ்பீக்கர்கள் வந்தன. அவற்றின் ரிமோட் டைல்ஸ்காரரின் சட்டைப்பையில் குடியேறியது. வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. அதில் சத்தத்தைக் கூட்டும் பொத்தான் மட்டும்தான் இருக்கிறது என்று வேலையாட்கள் பேசிக்கொள்வார்கள். இத்தனைக்கும் வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை தொங்கியது: "மனம்விட்டுப் பேச ஓர் இடம்."

சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதவர்கள் இல்லை. எதிர்க்கடையில் மூக்குக்கண்ணாடி விற்கிறவர் ஒரு மதியம் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து, டைல்ஸ்காரரின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, எதிர்ல என் பொண்டாட்டி உக்காந்திருக்கா. அவ பேசறது எனக்குக் கேக்கல."

"அதுக்கு நீங்க சந்தோஷம்தானே படணும்?"

"வெளையாடாதீங்கண்ணே. கொஞ்சம் குறைங்க."

"எனக்கு எல்லாம் தெளிவாக் கேக்குதே. ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது. ஊருக்கெல்லாம் கண்ணாடி போடறீங்க, உங்க காத ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

இதுதான் அவருடைய நிரந்தரப் பதில். வயதானவர் கேட்டால் வயதாகிவிட்டது என்பார், இளைஞன் கேட்டால் சளி பிடித்திருக்கும் என்பார். எனக்குக் கேட்கிறது, உனக்குக் கேட்காவிட்டால் கோளாறு உன் காதில். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று ஒரு பேச்சு உண்டு. இவர் கூடத்தை உண்மையிலேயே கோணலாகக் கட்டி வைத்துக்கொண்டு, ஆட வந்தவர்களையெல்லாம் நொண்டி என்றார். கண்ணாடிக்காரர் "செவிடன் காதுல ஊதின சங்கு" என்று தலையில் அடித்துக்கொண்டு போனவர்தான், பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

சரி, அவருக்கு உள்ளே என்னதான் கேட்டது? டுப்பு டுப்பு என்று ஒரு பாட்டு. அதன் மேல் நாற்காலிகள் இழுபடும் கிறீச்சு. அதற்கும் மேல், பாட்டை மீறிப் பேசுகிறவர்களும், அவர்களை மீறிப் பேசுகிறவர்களுமாகச் சந்தைக்கடை இரைச்சல். எதிரே நிற்கிறவரின் வாய் அசைவது மட்டும் தெரியும். அதற்கு அவர் ஒரு வித்தை வைத்திருந்தார். தலையைக் கொஞ்சம் சாய்ப்பார், கண்ணைப் பாதி மூடுவார், மூன்று முறை தலையாட்டுவார், பிறகு தோளில் தட்டுவார். சூப் ஆறிப்போயிற்று என்றாலும் இந்த ஆட்டம்தான், மீனில் முடி கிடந்தது என்றாலும் இந்த ஆட்டம்தான். பழைய வாடிக்கையாளர் ஒருவர், போன மாதம் அம்மா இறந்துவிட்டார் என்று சொன்னபோதும் அதே தலையாட்டல், அதே தட்டல், கூடவே "ரொம்ப சந்தோஷம், அடிக்கடி வாங்க." நல்லவேளை, அது அவருக்கும் கேட்கவில்லை. என்ன பொறுமையான மனிதர், எவ்வளவு கவனமாகக் கேட்கிறார் என்று ஊரில் பெயர் வேறு.

வேலையாட்கள், இந்த இடத்தில் வாயை நம்பிப் பிழைக்க முடியாது என்று சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள். எல்லாம் கைச்சாடை ஆகிவிட்டது. உள்ளங்கையில் விரலைச் சுழற்றினால் சூப். மணிக்கட்டை வெட்டுவதுபோலக் காட்டினால் மீன். சட்டைப்பையைத் தட்டினால் முதலாளி வருகிறார். இந்தப் பாஷைக்கு டைல்ஸ்காரர் தந்தது ஒரே ஒரு சாடை. வலது கையைத் தூக்கி, முஷ்டி பிடித்து, ஆணி அடிப்பதுபோல இறக்குவார். முதலாளி சரி சொல்லிவிட்டார், இனிப் பேச்சில்லை என்று பொருள். லீவு வேண்டுமென்றாலும், வேண்டியவர்களுக்கு இலவசமாக இனிப்பு போக வேண்டுமென்றாலும் அந்தக் கை இறங்க வேண்டும். இறங்கிய பிறகு அவரே நினைத்தாலும் மாற்றக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான். "கை எறங்கினா எறங்கினதுதான்" என்று மார்தட்டுவார். பெரிய சக்கரவர்த்தி என்று நினைப்பு.

ஊர்க் காதை இப்படிக் கிழித்தவர் தன் வீட்டை எப்படி வைத்திருந்தார் தெரியுமா? தரை முழுக்கக் கம்பளம். சன்னலுக்கு இரண்டு அடுக்குத் திரை. கதவு இடிக்காமலிருக்க நிலைச்சட்டத்தில் ரப்பர். அவர் வீட்டிலிருக்கும்போது மிக்ஸி ஓடக் கூடாது, குக்கர் விசிலடிக்கக் கூடாது. குக்கருக்கு யார் சொல்வது என்று மனைவி கேட்டுப் பார்த்தார், பிறகு பானையில் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார். யாராவது வாயைத் திறந்தால் "உஸ்ஸ்." குளியலறையைத் தவிர அந்த வீட்டில் ஒரு டைல் கிடையாது. விற்கிறவனுக்கா சரக்கின் குணம் தெரியாது?

அவருக்கு ஒரே மகள். மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் கவுன்டரில் வேலை. மாத்திரையை நீட்டி, காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு என்று நிதானமாகச் சொல்வாள், அதோடு விடமாட்டாள். "நான் என்ன சொன்னேன்னு நீங்க ஒரு தடவ சொல்லுங்க" என்று கேட்டு, சரியாகத் திருப்பிச் சொன்ன பிறகுதான் பையைக் கையில் கொடுப்பாள். வளர்ந்து ஆளாகியும் வீட்டில் அவள் பெயர் பாப்பாதான். சனிக்கிழமை மாலைகளில் கடைக்கு வருவாள், ஏனென்றால் அப்பா விழித்த நிலையில் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். தூணோரம் உட்காருவாள். அங்கிருந்து பார்த்தால் மாஸ்டர் தெரிவார்.

மாஸ்டர் என்றால் சமையல் மாஸ்டர். அந்தக் கடையில் சாப்பிடத் தகுந்ததாக ஏதாவது இருந்ததென்றால் அது அவர் கைவண்ணம். காது கிழிந்தாலும் பரவாயில்லை என்று ஜனங்கள் திரும்பத் திரும்ப வந்தது அவருடைய மீனுக்காகத்தான், ஆலோசகரின் தத்துவத்துக்காக இல்லை. பாப்பா உள்ளங்கையில் விரலைச் சுழற்றி சூப் கேட்பாள். அவர் போதுமா என்று சாடையில் கேட்பார். அப்படி ஆரம்பித்த பேச்சு, சூப்பைத் தாண்டி எங்கெங்கோ போய்விட்டது. காதலுக்குக் கண்ணில்லை என்பார்கள். இங்கே காதும் இல்லை. அந்த இரைச்சலுக்கு நடுவில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் முழுசாகப் புரிந்துகொண்டது அந்த இரண்டு பேர் மட்டும்தான்.

விஷயத்தை அப்பாவிடம் சொல்ல வேண்டுமே. பாப்பா வீட்டில் பலமுறை முயன்று பார்த்தாள்.

"அப்பா, உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"உஸ்ஸ். தல வலிக்குதும்மா. இங்க எதுக்கு? கடைக்கு வா, நிம்மதியா உக்காந்து பேசலாம்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தார். வீட்டில் பேசத் தடை, கடையில் பேசினால் கேட்காது. பெற்ற அப்பாவிடம் நாலு வார்த்தை பேச இடமில்லாமல் போன பெண் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஆனாலும் அப்பாவே கூப்பிட்டாரே, அந்த நேரத்துக்குச் சத்தத்தைக் குறைப்பார் என்று நம்பினாள். பெற்றவர்மேல் வைத்த பாசம், வேறென்ன சொல்வது.

அந்தச் சனிக்கிழமை பார்த்து டைல்ஸ்காரரோடு மில்காரர் உட்கார்ந்திருந்தார். துணி மில் வைத்திருக்கிற பெரிய கை. ஊரின் இன்னொரு கோடியில் இதே மாதிரி இன்னொரு கடை திறக்கக் கூட்டுச் சேர வந்திருந்தார். அவருக்கு எல்லாம் பிடித்திருந்தது, ஒரு சந்தேகத்தைத் தவிர. அதை வாயால் சொல்ல முடியாமல் கைப்பேசியில் எழுதிக் காட்டினார்: "இவ்வளவு சத்தத்தில் மனிதர்கள் எப்படிப் பேசுவார்கள்?" டைல்ஸ்காரர் பதிலுக்கு எழுதினார்: "எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறது. பழகிவிட்டால் எல்லாருக்கும் கேட்கும்." எழுதிக் காட்டித்தான் இதையே சொல்ல வேண்டியிருந்தது என்பது இரண்டு பெரிய மனிதர்களுக்கும் உறைக்கவில்லை.

அப்போது பாப்பா வந்து எதிரில் நின்றாள். பின்னால் அவளுடைய அம்மா. பக்கத்தில், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மாஸ்டர். அவள் பேச ஆரம்பித்தாள். அப்பாவுக்குக் கேட்டிருக்காது, நாமாவது கேட்போம்.

"அப்பா, நானும் மாஸ்டரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். ரொம்ப நாளா யோசிச்சுத்தான் சொல்றேன். வேற ஊர்ல ஒரு கிச்சன முழுசா எடுத்து நடத்தச் சொல்லி அவரக் கூப்பிடறாங்க. தூரம்தான். பஸ் ஏறினா மறுநாள்தான் போய்ச் சேரும். அங்க எனக்கும் ஆஸ்பத்திரில வேல கிடைக்கும். ஆனா உங்கள விட்டுட்டுப் போக எனக்கு மனசே இல்லப்பா. நீங்க இருன்னு ஒரு வார்த்த சொன்னா நாங்க இங்கயே இருந்துடறோம், அவரும் சரின்னுட்டாரு. நீங்க சொல்றதுதான். இருக்கட்டுமா? போகட்டுமா?"

டைல்ஸ்காரருக்குக் கேட்டது டுப்பு டுப்பு. மகளின் வாய் அசைந்தது, கண் கலங்கியிருந்தது. மாஸ்டர் தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தார். மாஸ்டருக்கு லீவு வேண்டும், தானாகக் கேட்கப் பயந்து பாப்பாவைத் தூது விட்டிருக்கிறான் என்று டைல்ஸ்காரர் தீர்மானித்துக்கொண்டார். என்ன ஒரு புத்தி! லீவுக்குப் போய் ஒரு பெண் கண் கலங்குவாளா என்றுகூடத் தோன்றவில்லை. மில்காரர் வேறு கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, கேக்கல" என்று அந்த நேரத்தில் சொல்வதா? தலையைச் சாய்த்தார், கண்ணைப் பாதி மூடினார், மூன்று முறை ஆட்டினார். மாஸ்டரின் தோளில் தட்டினார். அதோடு நின்றிருந்தாலும் தேவலை. மில்காரர் பார்க்கட்டும் என்று கையைத் தூக்கி, முஷ்டி பிடித்து, இறக்கினார்.

சமையலறையில் கரண்டிகள் சட்டிகளை அறைந்தன. வேலையாட்கள் குதித்தார்கள். மாஸ்டர் குனிந்து முதலாளியின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாப்பா மட்டும் அசையாமல் நின்று அப்பாவையே பார்த்தாள். பிறகு அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். கல்யாணத்துக்குச் சரி என்றதற்கு ஓர் அழுகை, போகட்டுமா என்றதற்கு உடனே தலையாட்டியதற்கு இன்னோர் அழுகை, இரண்டும் ஒன்றாகக் கலந்து வந்தது. ஒரு லீவுக்கா இவ்வளவு கூத்து என்று டைல்ஸ்காரர் மனதுக்குள் சிரித்தார். "கேட்டதா?" என்று மில்காரர் எழுதிக் காட்டினார். "ஒவ்வொரு வார்த்தையும்" என்று இவர் எழுதினார். இன்னும் ஒரு சந்திப்பில் எல்லாம் முடித்துவிடலாம் என்று மில்காரர் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, தட்டு கழுவுகிறவர் வாசலிலேயே வைத்து வாழ்த்துச் சொன்னபோதுதான் டைல்ஸ்காரருக்குப் பாதி விஷயம் தெரிந்தது. "நம்ம மாஸ்டருக்கே பொண்ணு குடுத்துட்டீங்களே முதலாளி, உங்க மனசு யாருக்கு வரும்!" டைல்ஸ்காரருக்குத் தலை சுற்றியது. சட்டி தூக்குகிறவனுக்கு என் மகளா? இவர் ஒரு காலத்தில் தலையில் டைல்ஸ் பெட்டி சுமந்தவர் என்பது மறந்தே போயிருந்தது. வீட்டுக்குத் திரும்பி ஓடினார்.

கம்பளத்தின் நடுவில் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றார்.

"உங்களுக்குக் கேட்டிருக்காதுங்க. பக்கத்துல நின்ன எனக்கே கேக்கல. அவ முன்னாடியே சொல்லியிருந்ததால எனக்குத் தெரியும்."

"யாருக்குக் கேக்கல? எனக்கா?"

"ஒரே ஒரு வார்த்த. கேக்கலம்மான்னு சொல்லுங்க. அவ மறுபடி பொறுமையாச் சொல்லுவா. நான் சொல்ல மாட்டேன், நீங்கதான் கேக்கணும்."

பாப்பா உள்ளே இருந்து வந்தாள். அப்பாவின் எதிரில் நின்று, கவுன்டரில் கேட்பதுபோலவே மெல்லக் கேட்டாள். "அப்பா, நேத்து நான் என்ன சொன்னேன்னு நீங்க ஒரு தடவ சொல்லுங்க."

அந்த வீட்டில் அப்போது ஓர் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். நல்ல இடம், நல்ல நேரம், எதிரில் கண்ணை அகல விரித்துக்கொண்டு மகள். கேட்கவில்லை என்று சொன்னால் என்ன குடி முழுகிவிடும்? ஆனால் சொன்னால் கண்ணாடிக்காரர் சொன்னது உண்மையாகிவிடும், மில்காரரிடம் எழுதிக் காட்டியது பொய்யாகிவிடும். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாதே.

"அப்பாகிட்டயே பரீட்சையா?" என்று சிரித்தார். "எல்லாம் கேட்டுச்சு. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு. கை எறங்கினா எறங்கினதுதான்."

"எல்லாமே கேட்டுச்சா?"

"எல்லாமே."

"கேட்டுட்டுத்தான் தலையாட்டினீங்களா?"

"பின்ன?"

பாப்பா "சரிப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அனல் பறந்தது. அதை அவர் கவனிக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்திருந்தார். மாஸ்டர் மருமகனாகிவிட்டால் வேறு கடைக்குப் போக மாட்டான். லீவு கேட்க மாட்டான். மீனும் நம்மிடமே, மகளும் நம்மிடமே. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். யோசிக்க யோசிக்கத் தன் தலையாட்டலில் ஏதோ தெய்வ சங்கல்பம் இருந்ததாகவே அவருக்குப் படத் தொடங்கியது.

கல்யாணம் எளிமையாக நடந்தது. பதிவு செய்துவிட்டு எல்லாரும் கடைக்கு வந்து சாப்பிட்டார்கள். யார் என்ன வாழ்த்தினார்கள் என்பது யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் சமையலறையில் புதிதாக ஓர் ஆள் நின்று மாஸ்டரிடம் வேலை பழகுவதை டைல்ஸ்காரர் பார்த்தார். இரண்டாவது கடைக்கு மருமகன் ஆள் தயார் செய்கிறான் என்று பூரித்துப்போனார். கேட்கலாமே என்றால், எங்கே கேட்பது? கடையில் கேட்டால் பதில் காதில் விழாது. வீட்டில் அவருக்குத் தலைவலி.

மில்காரர் மறுபடி வருவதாகச் சொன்ன நாளும் வந்தது. காலையில் எழுந்து கூடத்துக்கு வந்தவர், கம்பளத்தின் மேல் கட்டிவைத்த பெட்டிகளைப் பார்த்தார்.

"எங்க? சுற்றுலாவா?"

"குடித்தனம் நடத்த" என்றார் மனைவி. "இனிமே எனக்குப் பொறுமை இல்ல, சொல்லிடறேன். அன்னைக்கு அவ உங்ககிட்ட கல்யாணத்த மட்டும் சொல்லல. வெளியூர் போகட்டுமா, இங்கயே இருக்கட்டுமான்னு கேட்டா. நீங்க இருன்னு ஒரு வார்த்த சொன்னா இருந்துடறேன்னா. நீங்க கண்ண மூடிக்கிட்டுத் தலையாட்டினீங்க. கைய வேற எறக்கினீங்க. மறுநாளும் வாயத் தொறந்து கேட்டா. எல்லாமே கேட்டுச்சுன்னீங்க. அப்பாவுக்கு நான் போறதுல ஒரு வருத்தமும் இல்லம்மான்னு எங்கிட்ட வந்து அழுதா."

டைல்ஸ்காரர் சோபாவில் உட்கார்ந்தார். மாங்காய் இரண்டும் போய், எறிந்த கல் தன் தலைக்கே வந்திருந்தது. மீனைப் பற்றி யோசித்தார். அப்படிப்பட்ட மனிதர் அவர், முதலில் மீன்தான் ஞாபகம் வந்தது. அதன் பிறகுதான், சனிக்கிழமைகளில் அந்தத் தூணோரம் காலியாக இருக்கப்போவது மனதில் தைத்தது. தைத்தது ஆழமாகத்தான் தைத்தது.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல" என்றார் மனைவி. "ஆஸ்பத்திரில கணக்கு முடிச்சுட்டு, நேரா கடைக்கு வந்து உங்ககிட்ட சொல்லிக்கிட்டுத்தான் பஸ் ஏறுவா. அன்னைக்குக் கேக்கலம்மான்னு சொல்லுங்க. இருன்னு சொல்லுங்க. அவ இருப்பா. எனக்கு என் பொண்ணத் தெரியும்."

மாலையில் கடை நிரம்பி வழிந்தது. மில்காரர் இந்த முறை தனக்கு வேண்டிய இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தார். சத்தமென்று நான் நினைத்தேன், இவருக்கோ ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறது, அதிசய மனிதர் என்று அவர்களுக்கு எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் டைல்ஸ்காரரின் காதுகளை வேடிக்கை பார்த்தார்கள். டைல்ஸ்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பாப்பா வந்தாள். தோளில் பை. மாஸ்டர் வாசலில் பெட்டிகளோடு வாடகைக் காரின் பக்கத்தில் நின்றார். அம்மா தூணில் சாய்ந்து நின்று கணவரின் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா குனிந்து ஏதோ சொன்னாள். போய் வருகிறேன் என்றுதான் இருக்கும்.

டைல்ஸ்காரரின் கை சட்டைப்பைக்குப் போனது. ரிமோட்டில் அணைக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவருடைய கட்டைவிரலுக்குத் தெரியும். ஓர் அழுத்து. ஆறு ஸ்பீக்கர்களும் வாயை மூடும். அப்புறம் சாதாரணக் குரலில் நாலு வார்த்தை. அவ்வளவுதான் வேலை. கட்டைவிரல் பொத்தானின் மேல் வந்து உட்கார்ந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், வாயைத் திறந்தபடி. அணைத்தால் இவர்கள் என்ன நினைப்பார்கள்? பெற்ற மகள் ஊரைவிட்டுப் போகிறாள், அந்த நேரத்திலும் அந்த மனிதருக்கு வந்த கவலை இதுதான். எழுதும்போதே எனக்கு எரிகிறது.

விரல் அப்படியே நின்றது. வாய் மட்டும் திறந்தது.

"போகாத பாப்பா" என்றார். "அன்னைக்கு எனக்கு எதுவுமே கேக்கலம்மா. ஒரு வார்த்தகூடக் கேக்கல. இங்க எனக்கு எப்பவுமே கேக்காது. நீ போகாத. இங்கயே இரு."

இத்தனை வருடத்தில் அவர் பேசிய ஒரே உண்மை. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. ஆனால் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் பேசிய உண்மை அது. பாட்டு டுப்பு டுப்பு என்று அடித்துக்கொண்டிருந்தது, தரையும் சுவரும் கூரையும் அதை மாற்றி மாற்றி வீசிக்கொண்டிருந்தன. எல்லாம் அவர் கையால் ஒட்டியவை.

பாப்பா அவர் வாயசைவதைப் பார்த்தாள். அது நிற்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். கண்ணைப் பாதி மூடினாள். மூன்று முறை தலையாட்டினாள். அப்பாவின் தோளில் தட்டினாள்.

அவள் வாசலைத் தாண்டுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மகளோடு கூடவே வெளியே போனார். கார் கதவு சாத்தப்பட்டது. அந்தச் சத்தமும் உள்ளே கேட்கவில்லை. மில்காரர் மேசைக்குக் குறுக்கே சாய்ந்து ஏதோ கேட்டார். டைல்ஸ்காரர் தலையாட்டினார்.